கங்காணி இல்லாத பெரட்டு

கேள்வி: ஆபீஸ் சர்வரில் 16 கோர் இருந்தும் எங்கள் புரோகிராம் ஊர்கிறது. கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்கிறான் மகன். நம்பலாமா?
– வாசகர், புக்கிட் செந்தோசா

பதில்: பாதி நம்புங்கள். ரப்பர் தோட்டத்தில் 16 பேரைப் பெரட்டில் நிற்கவைத்து ஒரே நிரையைக் கொடுத்தால், ஒருவர் பால் வெட்டுவார். பதினைந்து பேர் வெற்றிலை போடுவார்கள். கெட்டிக்காரக் கம்பைலர் நல்ல கங்காணி. எந்த வேலை எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று கண்டுபிடித்து நிரை பிரிக்கும். பக்கத்து மரங்களை ஒரே நடையில் முடிக்கவும் வைக்கும். கேஷ் நினைவகத்தின் சூட்சுமமே அந்த நடை மிச்சம்தான். 2008இல் இப்படித் தானாகவே நிரை பிரிக்கும் ‘புளூட்டோ’ என்ற கம்பைலர் கருவியை வெளியிட்ட குழுவில் உதய் போந்துகுலா, சடையப்பன் இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். (நம் ஊர்க் கங்காணிகள் எங்கே படித்தார்களோ!)

ஆனால் பால் கொட்டாயில் தராசு ஒன்றுதானே? பத்தில் ஒரு பங்கு வேலை அப்படி வரிசையில் நின்றால், 16 கோர் சேர்ந்தும் வேகம் 6.4 மடங்கைத் தாண்டாது. 1967இல் அம்டால் போட்ட கணக்கு இது. எந்தக் கம்பைலரும் அதை அழித்து எழுத முடியாது.

அதற்குமுன், மகன் மேம்படுத்தலே இல்லாத ‘ஓ0’ (-O0) என்ற நிலையிலேயே கம்பைல் செய்கிறானா என்று விசாரியுங்கள். ஜிசிசி (GCC) கம்பைலரிடம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் நடக்கும். கங்காணி வீட்டில் தூங்குவார்.