கட்டுத்தரையில ஒரு காரு

வா சாமி, உக்காரு. எளநி வெட்டியாச்சு, குடி. அந்தப் போனை இக்கட்ட நீட்டு, எந்தக் காருன்னு அப்புச்சியும் பாக்கறேன். கறுப்பா, ஒசரமா, மூஞ்சிய உர்ருன்னு வெச்சுட்டு நிக்குது. கடங்காரன் வாசல்ல வந்து நிக்கற மாதிரியே முறைக்குதே! எவ்வளவு? பதினெட்டு லட்சமா? தவணை ஏழு வருசமா? நெம்ப நல்லது. உன்ற பையன் ஒண்ணாங்கிளாசுல சேந்து ஏழாங்கிளாசு முடிக்கறப்ப நீயும் முடிச்சிருவே.

முறைக்கறது சும்மா இல்லியாமா. உன்ற பெரியம்மா மக கோயமுத்தூருல சைக்காலஜி படிக்கறாளே, அவ சொல்றா. காரோட முன்பக்கத்த மட்டும் படமாக் காட்டி வியன்னாவுல ஆராய்ச்சி பண்ணி, 2008-ல வெளியிட்டாங்களாமா. பாத்தவங்கள்ல பல பேரு அதுல மூஞ்சியத்தான் பாத்தாங்களாம். வெளக்கு கண்ணு, கீழ காத்துப் போற ஓட்டை வாயி. அதுலயும் அதிகாரமாத் தெரியற மூஞ்சிதான் அவங்களுக்குப் புடிச்சுதாம். ஊட்டுல உன்னைய முறைக்க ஆளில்லையா, காசு குடுத்து வேற ஒண்ணு கொண்டு வரணுமா?

எதுக்குக் காருன்னு கேட்டா மழைம்பே, ஒறம்பரைம்பே, ஆசுபத்திரிம்பே. எல்லாம் நெசந்தான். ஆனா நம்ம பக்கம் வயித்துக்குச் சம்பாரிக்கற வண்டி எது? சித்தூர் தாலூக்காத் தோப்புல எறக்கின கள்ள ஏத்திட்டு, விடியறதுக்குள்ள மத்த ஜில்லாவுக்கு ஓடுதே, அந்தப் பிக்கப்பு. மழையின்னு பாக்காது, வெயிலுன்னு பாக்காது. அதுக்கு முன்னால நின்னு எவனாச்சும் போட்டோ எடுத்திருக்கானா? ஒழைக்கறதுக்கு அழகு எதுக்குன்னு வுட்டுட்டாங்க.

ரத்தன் டாடா பாவம், உன்னைய மாதிரி ஆளுக சொல்ற காரணத்த அப்படியே நம்பிட்டாரு. மழையில ஒரே ஸ்கூட்டருல ஒரு குடும்பமே போறதப் பாத்து மனசு எளகி, லட்ச ரூவாயில காருன்னு 2008 ஜனவரியில டெல்லிக் கண்காட்சியில நானோவக் கொண்டு வந்து நிறுத்துனாரு. மழைக்கு நனையாது, நாலு பேரு உக்காரலாம். காரு வேணும்னு நீ சொல்ற காரணமெல்லாம் அதுல இருந்துச்சு. ஒண்ணுதான் இல்ல. பக்கத்து ஊட்டுக்காரன் வயிறு எரியாது. "இருக்கறதுலயே வெல கொறஞ்ச காரு"ன்னு ஊரெல்லாம் பேராயிருச்சு. அப்பறம் எவன் வாசல்ல நிறுத்துவான்? அப்படிப் பேரு வாங்குனது தப்பாப் போச்சுன்னு பொறவு அவரே சொன்னாரு. 2018-ல கடையக் கட்டியாச்சு.

உன்ற பூட்டன் இருந்திருந்தா டாடாவுக்கு முன்னமே சொல்லியிருப்பாரு. பொள்ளாச்சிச் சந்தையில காங்கேயம் சோடி புடிச்சுட்டு வந்தா, மனுசன் நேரா ஊட்டுக்கு வரமாட்டாரு. கடைவீதியச் சுத்தி, சம்பந்தி ஊட்டு வாசல் வழியாத்தான் வருவாரு. ஏரு ஓட்ட உள்ளூரு மாடு போதும். கொம்பு சீவி, எண்ணெ தடவி, சலங்கை கட்டினதெல்லாம் ரேக்ளாவுல எரநூறு மீட்டர் ஓடறதுக்கு. அந்த எரநூறு மீட்டருக்கு வருசம் பூராப் பருத்திக்கொட்டை.

மாட்டுக்குச் சுழி பாத்தாங்க. ராசசுழியின்னா வெல ஏறும், வெலங்குச் சுழியின்னா சும்மா குடுத்தாலும் வேண்டாம்பாங்க. இப்பச் சுழி நம்பருக்கு வந்திருச்சு. 2025 ஏப்ரல்ல எர்ணாகுளத்துல கே.எல். 07 டி.ஜி. 0007-ங்கற நம்பரு 46 லட்சத்துச் சொச்சத்துக்கு ஏலம் போச்சு. காருக்கில்ல சாமி, தகட்டுக்கு! அந்தக் காசுக்கு நீ காட்டற காரு ரெண்டு வாங்கி, மிச்சத்துல கட்டுத்தரை நெறைய மாடு கட்டலாம்.

மருவாதி கெடைக்குமான்னா, கெடைக்கும். அதுல பொய்யில்ல. அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல ரெண்டு பேரு சோதிச்சு 1968-ல எழுதினாங்களாமா. சிக்னல்ல பச்சை விழுந்தும் நகராம ஒரு காரை நிறுத்தி வெச்சாங்க. பழைய காரா இருந்தா, பின்னாடி நின்னவங்கள்ல நூத்துக்கு 84 பேரு ஆரன் அடிச்சாங்க. பெரிய காரா இருந்தா பாதிப்பேருதான். ஆகப் பதினெட்டு லட்சத்துக்கு உனக்குக் கெடைக்கப் போறது அதுதான்: நீ வழிய மறிச்சு நின்னாலும் பாதிப்பேரு பொறுத்துக்குவான். நம்ம ஊருல அந்தப் பாதியும் கெடைக்குமான்னு சித்தூர் கடைவீதியில ஒருக்காக் குறுக்க நிறுத்திப் பாரு.

உன்ற பெரியம்மா மக இன்னொண்ணும் சொன்னா, அதுதான் என்னைய ரோசிக்க வெச்சுது. மாண்ட்ரியல்ல வாலிபப் பசங்ககிட்ட ஒரு போர்ஷேயும் ஒரு பழைய டொயோட்டாவும் ஓட்டக் குடுத்து, எச்சில எடுத்துச் சோதிச்சாங்களாமா. 2009-ல வந்த ஆராய்ச்சி. போர்ஷேயில உக்காந்தவனுக்கு ஆம்பளைச் சொரப்பு ஏறிப் போச்சு. டவுனுக்குள்ள ஏறினா சரி, பொம்பளப் புள்ளைக பாக்கும். வேடிக்கை பாக்க ஆளில்லாத ஹைவேயிலயும் ஏறுச்சாமே! அங்க ஆருக்குடா காட்டறான்? ஆருமில்லாத எடத்துல நாமளே நாலு பேரா நின்னு நம்மளப் பாத்துக்கறோம் போல. அந்த நாலு பேருக்குத் தவணை கட்டித் தீராது.

இத்தனையும் கேட்டுப்போட்டு மொகத்தச் சுளிக்காதே, வேண்டாம்னு நான் சொல்லல. வழி சொல்றேன், கேட்டுக்கோ.

அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் வருசக்கணக்காக் காத்துக் கெடந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. மாருதி வந்தப்ப, புக் பண்ணினவங்க பேரச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாங்க. 1983 டிசம்பர்ல மொதச் சாவிய ஹர்பால் சிங்குங்கறவருக்கு இந்திரா காந்தியே குடுத்தாங்க. அன்னைக்கெல்லாம் "புக் பண்ணியிருக்கறேன்"னு சொன்னாலே பாதிக் காரு வந்த மாதிரி. பெட்ரோலு இல்ல, டயரு இல்ல, மருவாதி மட்டும் ஓடும்.

நீயும் அட்வான்சு மட்டும் கட்டு. ரசீத மேச்சோப்புல தெரியற மாதிரி வெய்யி. டீக்கடையில வெயிட்டிங்கு பீரியடப் பத்தி நெம்பச் சலிச்சுக்கோ. போர்ச்சுக்குக் கூரை போடு, அங்க கொடி கட்டித் துணி காயப்போட்டா ஊட்டுக்காரியும் சந்தோசப்படுவா. கம்பெனிக்காரன் போன் பண்ணி வண்டி வந்திருச்சும்பான். கலரு புடிக்கல, வேற கலருக்கு மாத்துன்னு சொல்லு. இன்னும் மூணு மாசம் ஓடும்.