கிறுக்கல் இலக்கணம்: ஒரு முன்வரைவு

கோலத்துக்கு இலக்கணம் எழுதியாகிவிட்டது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் சேர்ந்து 1974இலேயே கோலங்களைக் கணினிக்குப் புரியும் விதிகளாக்கி, வெளிநாட்டு ஆய்விதழில் அச்சேற்றிவிட்டார்கள். வாசலில் மாவால் போடுவதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்த நாட்டில், கூட்ட அறையில் மையால் போடுவதற்கு ஒரு சூத்திரம்கூட இல்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை இருப்பின் சான்றோர் பொறுத்தருள்க. ரிவ்யூ மீட்டிங்கில் உட்கார்ந்து எழுதியது.

இனி, கிறுக்கலாவது யாதோ எனின், ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அதைக் கேட்கும் கடமையுள்ள மற்றொருவர், கையிலிருக்கும் பேனாவால், கிடைத்த தாளில், எதையும் சுட்டாமல் இட்டு நிரப்பும் வடிவ வரிசை என்க. 'கேட்கும் கடமையுள்ள' என்றதனால் பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைவது விலக்கப்பட்டது, பாட்டை நிறுத்திவிடலாம். 'பேனாவால்' என்றதனால் பென்சில் விலக்கப்பட்டது. ரப்பர் வைத்திருப்பவர் கிறுக்குவதில்லை, வரைகிறார். 'எதையும் சுட்டாமல்' என்றதனால் பூ, மயில், பக்கத்து நாற்காலிக்காரரின் மூக்கு முதலியன விலக்கப்பட்டன. தலைவர்கள் படத்துக்கு மீசை வைப்பதும் அடங்காதோ எனின், அடங்காது. அது அரசியல், வேறு துறை.

இக்கலையின் நிலம் முதன்மையாக டைரி. அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் ரிவ்யூ மீட்டிங்குக்கு டைரியோடுதான் வருகிறார்கள். அதிகாரி பேசும்போது கீழே இருப்பவர் பேனா ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நடத்தை விதி. என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அதன் துணை விதி. கைபேசியை எடுத்தால் அலட்சியம், ஜன்னலைப் பார்த்தால் திமிர், கண்ணை மூடினால் மெமோ. தலை குனிந்து, பேனா அசைய, புருவம் லேசாகச் சுருங்கி இருப்பவர் மட்டும் பொறுப்பானவராகத் தெரிகிறார். பதவி உயர்வுக்கும் கிறுக்கலுக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.

அடுத்த நிலம் அழைப்பிதழ். இலக்கியக் கூட்டங்களில் இதன் வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம். வரவேற்புரையின்போது அழைப்பிதழ் இரண்டாக மடிந்து விசிறியாக இருக்கும். தலைமையுரை தொடங்கியதும் பேனா வெளியே வரும். முதலில் நிரம்புவது எழுத்துகளின் வயிறு. இந்த விஷயத்தில் தமிழுக்கு உள்ள வசதி மற்ற எழுத்துகளுக்கு வாய்த்ததா தெரியாது: ஒற்றைக்கொம்பின் சுழி, இரட்டைக்கொம்பின் சுழிகள், ணகரத்தின் அறைகள். 'தலைமையுரை' என்ற ஒரே சொல்லில் ஐகாரக் கொம்பு மூன்று. அவை தீர்ந்தால் தொடர்பு எண்ணில் உள்ள 0, 6, 8, 9. வாழ்த்துரை வழங்குவோர் பட்டியல் முடிவதற்குள் நிரப்பத்தக்க ஓட்டை எதுவும் மிஞ்சாது. கிறுக்குபவர் தாளைத் திருப்புவார். அங்கிருந்துதான் சுயமான படைப்பு தொடங்குகிறது. ஆகவே எழுத்து நிரப்புதல் பாயிரம்; பின்பக்கமே நூல்.

பின்பக்கத்தில் கையாளப்படும் வடிவங்களை வைத்துக் கிறுக்குபவர்களைப் பல சமயத்தாராகப் பிரிக்கலாம். பெட்டியர் என்போர், ஒரு சதுரத்தின் மேல் சற்றுத் தள்ளி இன்னொரு சதுரம் போட்டு மூலைகளை இணைப்பவர்கள். இணைத்ததும் அது கனப்பெட்டியாக எழுந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் இதைக் கண்டபோது உண்டான வியப்பு இவர்களுக்கு ஓய்வு பெறும் வரை தீருவதில்லை. ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதன் தலையில் ஒன்று, எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் மட்டும் சாய்கோட்டு நிழல். சுழியர் உள்ளிருந்து வெளியே வருவார்கள். வெளியிருந்து உள்ளே போகும் சுழியர் அரிது, ஏனெனில் இடம் தீர்ந்துபோகும் என்பது அவர்களுக்கே தெரியும். கையொப்பர் தம் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் போடுபவர். இவர்களைச் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கையெழுத்து ஒருவரைச் சுட்டுவதால் நம் வரையறைக்கு ஒவ்வாது என்பர் ஒருசாரார். வரிவரியாக நெருக்கிப் போட்டபின் அதில் பெயரே தெரிவதில்லை, கொக்கிகளும் வளைவுகளுமே தெரிகின்றன, ஆகவே அதுவும் வடிவ வரிசையே என்பது என் துணிபு.

தனியாகச் சொல்லத்தக்கவர்கள் அழுத்தர். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி பேனாவை ஓட்டுபவர்கள் இவர்கள். பால்பாயின்ட் பேனா வராதிருந்தால் இந்தச் சமயமே தோன்றியிருக்காது. மைப் பேனாவில் இரண்டு முறை ஓட்டினால் தாள் ஊறி மறுபக்கம் பூத்துவிடும். பால்பாயின்ட்டின் மை எண்ணெய்ப் பசை சேர்ந்தது. ஊறாமல் மேலேயே படியும். எனவே ஒரு சிறு வட்டத்தை அரைமணி நேரம் கறுப்பாக்கலாம். அப்படி முற்றிய கிறுக்கலை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: நீல மையில் செம்பு நிறத்தில் ஒரு மினுக்கம் ஓடும். அந்த இடத்தில் தாள் விறைத்திருக்கும். விரலால் தொட்டால் வழுக்கும். பின்பக்கம் தடவினால் மேடு தட்டும். டைரியாக இருந்தால் அடுத்த இரண்டு மூன்று தேதிகளிலும் அதன் தடம் பதிந்திருக்கும். இனி நடக்கவிருக்கும் கூட்டங்களுக்கான முன்பதிவு என்று அதைக் கொள்ளலாம்.

'உரை நீளின் வரை நீளும்' என்பது இவ்வியலின் முதல் நூற்பா. கிறுக்கல் கவனக்குறைவின் அடையாளமன்றோ எனின், அன்று. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 40 பேருக்கு இரண்டரை நிமிடத் தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவருடைய பிறந்தநாள் விருந்துக்கு யார் வருகிறார், யார் வரவில்லை என்ற சப்பைச் செய்தி. சலிப்பு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, வேறொரு ஆய்வை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப நினைத்துக்கொண்டிருந்தவர்களாகப் பார்த்துப் பிடித்து உட்கார வைத்தார். நம் ஊரில் மாலை ஐந்து மணிக்கு மீட்டிங் வைக்கும் அதிகாரிகள் இந்த நுட்பத்தை எந்தப் பல்கலைக்கழகத்தின் துணையும் இல்லாமலே கண்டறிந்திருக்கிறார்கள். பாதிப் பேரிடம் அச்சிட்ட வடிவங்களைக் கொடுத்து, கேட்டுக்கொண்டே நிரப்பச் சொன்னார். நிரப்பியவர்கள் சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அவர் பென்சில் கொடுத்தது நம் இலக்கணப்படி வழு. முடிவு நமக்குச் சாதகமாக இருப்பதால் வழுவமைதியாகக் கொள்க.

இதைவிடப் பெரிய சான்று 1963இல் கிடைத்தது. ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை ஓர் அறிவியல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நீண்ட, மிகச் சலிப்பான உரை. சதுரங்கப் புதிர் ஒன்றை யோசிக்கலாம் என்று தாளில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டார். பிறகு மனம் மாறி, நடுவில் 1 என்று எழுதி, அதைச் சுற்றிச் சுழி சுழியாக 2, 3, 4 என்று எண்களை எழுதிக்கொண்டே போனார். சலிப்பு தீரவில்லை, பகா எண்களை மட்டும் வட்டமிட்டார். அவை சாய்ந்த கோடுகளில் வரிசைகட்டி நின்றன. பின்னர் லாஸ் அலமாஸ் கணினியில் பெரிய அளவில் போட்டுப் பார்த்தபோதும் கோடுகள் தெரிந்தன. 1964 மார்ச் மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையில் அந்தச் சுழி வந்தது. அதற்கு உலாம் சுழி என்று பெயர். நியாயப்படி அந்த உரையாளரின் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும். அவர் இன்னும் பத்து நிமிடம் சுவையாகப் பேசியிருந்தால் கணிதத்துக்கு எவ்வளவு நட்டம்!

கிறுக்கலைப் பார்த்துக் குணம் சொல்வாரும் உளர். அவர்கள் 2005 ஜனவரியில் டாவோஸில் நடந்ததை நினைவில் கொள்வது நல்லது. உலகப் பொருளாதார மன்றக் கூட்டம் முடிந்ததும், பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் உட்கார்ந்திருந்த மேசையில் ஒரு கிறுக்கல் தாள் கிடந்தது: வட்டம், முக்கோணம், பெட்டி. லண்டன் நாளிதழ்கள் அதைக் கையெழுத்து நிபுணர்களிடம் கொடுத்து, பிரதமரின் மனம் எந்த நிலையில் இருக்கிறது, தலைமைக்கு அவர் தகுதியானவரா என்றெல்லாம் விரிவாகப் பலன் எழுதின. பிரதமர் அலுவலகம் பொறுமையாக விளக்கம் தந்தது: அந்தத் தாள் பிளேருடையது அல்ல, உடனிருந்த பில் கேட்ஸுடையது. கேட்ஸும் பெட்டியர் என்ற செய்தி மட்டும் நமக்கு மிச்சம்.

இனிப் பூர்வபட்சம். இதையெல்லாம் கூட்டமே இல்லாமல், வீட்டில், தினமும், முறையாகச் செய்யலாம் என்று சொல்லும் ஒரு மரபு அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் ஜென்டேங்கிள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் இணையர் உருவாக்கியது. ரிக் முன்பு துறவியாக இருந்தவர்; மரியா எழுத்தணிக் கலைஞர். ஒரு பெரிய எழுத்துக்குப் பின்னணியாகச் சின்னச் சின்ன வடிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது நேரம் போனதே தெரியவில்லை என்று மரியா சொல்ல, நீ சொல்வது தியானம் அல்லவா என்றாராம் ரிக். முறை இது: மூன்றரை அங்குலச் சதுரமாக ஒரு கனத்த தாள். பென்சிலால் மூலைக்கொரு புள்ளி, புள்ளிகளை இணைத்து எல்லை, உள்ளே தாளைப் பிரிக்கும் ஒரு வளைகோடு. பிறகு மெல்லிய கறுப்பு மைப் பேனா எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வடிவத்தை நிரப்ப வேண்டும். புள்ளி, நேர்கோடு, வளைவு, நெளிவு, வட்டம் இவ்வளவுதான் முதல். ஒரு கோடு முடிந்தபின் அடுத்த கோடு. அழித்தல் கிடையாது. தாளுக்கு மேல், கீழ் கிடையாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. முறையின் பெயருக்கு வணிக முத்திரை உண்டு. கற்றுத்தரச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள் உண்டு.

இவர்களிடம் கொள்ளத்தக்கவை பல. அழிக்கக் கூடாது என்பதும் ஒற்றைக் கோட்டில் நினைவை நிறுத்துவதும் நம் மரபுக்கு உடன்பாடே. அமைதியான அறை வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் நான் மாறுபடுகிறேன். வீட்டில் தாளோடு உட்கார்ந்தால் ஐந்தாவது கோட்டில் கேஸை அணைத்தேனா என்ற நினைவு வருகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. கூட்டத்திலும் அதே நினைவு வரும். ஆனால் எழுந்து போக முடியாது. வேறு வழியில்லாமல் மனம் ஆறாவது கோட்டுக்குத் திரும்புகிறது. தியானத்துக்கு முதற்காரணம் அமைதி என்று இதுகாறும் கூறிவந்தனர். எழுந்து போக முடியாமையே முதற்காரணம் என்பது இவ்வாய்வின் முடிவு.

அற்றேல், தாகூர்? நியாயமான கேள்விதான். 1924இல் அர்ஜென்டினாவில் உடல்நலம் குன்றித் தங்கியிருந்தபோது, 'பூரவி' கவிதைகளின் கையெழுத்துப்படியில் அடித்த சொற்களை ஒன்றோடொன்று மையால் இணைத்து, பறவையா விலங்கா என்று சொல்ல முடியாத உருவங்களாக்கிக்கொண்டிருந்தார். அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அவற்றைக் கண்டு வியந்தார். அவர் முயற்சியால் 1930இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அங்கே கூட்டம் இல்லை, உரையாளர் இல்லை. ஆனால் சரியாக வராத வரி ஒன்று எதிரே இருந்தது. அதை விட்டு எழுந்து போக அவரால் முடியவில்லை. விதி அங்கும் பொருந்துகிறது.

இக்கலையில் பயிற்சி பெற விரும்புவோர் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தானாக வரும். ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போகலாம். லிஃப்ட் பராமரிப்புச் செலவு பற்றிய விவாதம் ஒரு முழுப் பக்கத்துக்குத் தாங்கும். அதுவும் கிட்டாதவர்கள் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, காத்திருக்கச் சொல்லும் குரலைக் காதில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். தொடக்கநிலையினருக்குச் சுழி போதும். அழுத்தர் ஆக அவசரப்பட வேண்டாம். ரீஃபில் சீக்கிரம் தீரும்.

விழா அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்போதெல்லாம் அழைப்பிதழ்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அச்சடித்தாலும் பளபளக்கும் ஆர்ட் பேப்பரில், பின்பக்கம் முழுக்க நன்கொடையாளர் விளம்பரத்தோடு அடிக்கிறீர்கள். அந்தத் தாளில் பால்பாயின்ட் வழுக்குகிறது. மை காயாமல் வேட்டியில் ஒட்டுகிறது. ஒன்பது பேர் வாழ்த்துரை வழங்கும் கூட்டத்துக்கு இது அடுக்காது. சாதாரண மேப்லித்தோ தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மறுபக்கத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்கும் செலவு குறையும்.