மேடையைக் கடைசியில் பாருங்கள்

ஆடி மாதத்தில் கல்யாணம் வைக்கச் சம்மதித்தால் தமிழ்நாட்டில் எந்த மண்டபமும் கிடைக்கும். மேனேஜரே வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். மார்கழியிலும் அப்படியே. புரட்டாசியையும் பலர் தள்ளிவிடுவார்கள். மிச்ச மாதங்களில் தேய்பிறையைக் கழித்து, செவ்வாய் சனியைக் கழித்து, அஷ்டமி நவமியைக் கழித்து, பெண்ணுக்கும் பையனுக்கும் சந்திராஷ்டமத்தையும் கழித்தால் கையில் நிற்பவை கொஞ்ச நாட்கள்தான். அவற்றில் ஞாயிற்றுக்கிழமையாக அமைபவை மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கேட்கிறோம்.

என் மகளுக்கு நிச்சயம் ஆனதும் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "எந்தத் தேதி?" என்பார்கள். சொன்னால், நீளமான டைரியைப் புரட்டி உதட்டைப் பிதுக்குவார்கள். நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பவருக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையவில்லை என்று ஓரிடத்தில் காதோடு சொன்னார்கள். ஜோசியரிடம் போய் நின்றேன். அவர் உலகம் தெரிந்தவர். "மண்டபம் என்னைக்குக் காலியா இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. லக்னத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

தேதி ஒருவழியாக அமைந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். மண்டபம் மணமக்களுக்காகப் பிடிப்பதல்ல. குறை சொல்லப் போகிறவர்களுக்காகப் பிடிப்பது. எங்கள் குடும்பத்தில் இதற்கு ஆளுக்கொரு இலாகா உண்டு. பெரியப்பா மகனுக்குப் பார்க்கிங். ஏதோ ஒரு கல்யாணத்தில் காரை எங்கோ நிறுத்திவிட்டு அவர் நடந்து வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டதாம். அதை அவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். பொங்கல் தீர்ந்துபோனதைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அத்தைக்கு மூட்டுவலி, ஆகவே லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் அவர் பொறுப்பு. சித்தப்பாவுக்கு வாஸ்து. அவர் செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மேடை கிழக்கு பார்த்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, யாரோ சர்வே எடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து வாட்ச்மேன் மேனேஜரிடம் ஓடினார்.

எல்லாரிலும் எளிமையானவர் சம்பந்திதான். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் சம்பந்தி, நீங்க பாத்துச் செஞ்சா போதும்" என்றார். அடுத்த மூச்சில், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏசி ரூம் எத்தனை, வெந்நீர் வருமா, ஹால் முழுக்க ஏசியா மேடைக்கு மட்டுமா, ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஸ்டாப்பிங் பக்கமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்பதன் முழு நீளத்தை அன்றுதான் கண்டேன்.

மேனேஜர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் "ராசியான மண்டபம் சார்" என்பார்கள். ஒருவர் இன்னும் மேலே போய், "இங்க தாலி கட்டின ஒரு ஜோடிகூடப் பிரிஞ்சதில்ல" என்றார். அந்தக் கணக்கை எந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாடகைக்கு வந்துவிட்டோம்.

வாடகை என்று முதலில் சொல்லும் தொகை வெறும் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே கரண்டு மீட்டர்படி, ஜெனரேட்டர் மணிக்கணக்குப்படி, டீசல் தனி, கிளீனிங் தனி, கூடுதல் ரூம் தனி. சமையலும் டெக்கரேஷனும் அவர்கள் ஆட்கள்தான். நம் ஆட்களை அழைத்து வந்தால் அதற்கும் ஒரு சார்ஜ். கடைசியில் மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மண்டபம் இருப்பதே ஜி.எஸ்.டி. ரோட்டில் என்பதால் இதில் நான் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. இத்தனையும் கொடுத்தால் முதல் நாள் மதியம் மூன்று மணி முதல் மறுநாள் மதியம் மூன்று மணி வரை மண்டபம் நமது. மூன்றடித்தால் வாசல் வளைவில் நம் பெண்ணின் பெயர் இறங்கி, வேறொருவர் பெண்ணின் பெயர் ஏறிவிடும்.

மகளுக்கு இந்த மண்டபம் எதுவும் பிடிக்கவில்லை. ஈ.சி.ஆரில் கடலோர ரிசார்ட், புல்தரை, மாலை வெயில் என்று போட்டோ காட்டினாள். நாங்கள் பார்த்திருந்ததோ ஐப்பசி முகூர்த்தம். சென்னையில் ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. அதற்குப் பத்திரிகை வைக்க வேண்டியதே இல்லை, தானாக வந்துவிடும். "மழை வந்தா?" என்று ரிசார்ட்காரரைக் கேட்டேன். "உள்ளே ஒரு ஹால் இருக்கு சார்" என்றார். உண்மையாகவே இருந்தது. அத்தையும் அவர் வகையறாவும் உட்கார்ந்தால் நிறைந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு என்று அலுத்துப்போய்ச் சட்டத்தைப் புரட்டினேன். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்த பிரிவு. மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். மண்டபம், ஏசி, வாஸ்து எதையும் சட்டம் கேட்கவில்லை. ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரேனுமோ முன்னிலையில் நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாம் அந்த வரியில் கெட்டது. சட்டம் நாலு பேரைக் கேட்கிறது. வருகிற நாலு பேர் மண்டபம் கேட்கிறார்கள்.

அந்த நாலு பேரும் உண்மையில் கேட்பது சாப்பாட்டு ஹாலைத்தான். மேலே ஹாலில் எண்ணூறு நாற்காலி போட்டிருப்பார்கள். கீழே பந்தியில் இருநூறு பேர்தான் உட்கார முடியும். தாலி ஏறியதும் மேலே அட்சதை விழுவதற்குள் பாதிக் கூட்டம் கீழே இறங்கிவிடும். பிறகு, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். இதில் பழக்கம் உள்ளவர்கள் இலையைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். சாம்பார் இலைக்குப் பின்னால் நிற்பவர் புதியவர். மோர் இலைக்குப் பின்னால் நிற்பவர் நாலு கல்யாணம் பார்த்தவர். முன்னால் இருப்பவர் இரண்டாம் முறை பாயசம் கேட்கும்போது பின்னால் நிற்பவர் விடும் பெருமூச்சு, பெண்ணைப் பெற்றவன் காதில்தான் வந்து விழும்.

ஆகவே, மண்டபம் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் சாப்பாட்டு ஹாலைப் பாருங்கள். கை கழுவும் குழாயைத் திறந்து பாருங்கள். கழிவறைக்குப் போய் வாருங்கள். கார் நிறுத்தும் இடத்தை மேனேஜர் கையைக் காட்டிச் சொன்னால் நம்பாமல் நடந்து போய்ப் பாருங்கள். என்னென்ன தனி என்பதை எழுதி வாங்குங்கள். மேடையைக் கடைசியில் பார்த்தால் போதும். பூ வைத்தால் எல்லா மேடையும் நன்றாகத்தான் இருக்கும். இன்னொன்று, மண்டபம் காலியாக இருக்கும் நாளில் போகாதீர்கள். வேறு யாருடைய கல்யாணமாவது நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அவர்கள் சாப்பிடச் சொன்னால் தயங்காமல் உட்காருங்கள். பந்தியைச் சோதித்துப் பார்க்க வேறு வழி கிடையாது.