மஞ்சச் சட்டையும் பூநாரையும்

வாங்க தம்பி. வெயில் நெத்தியில ஏறுனப்புறம் பறவை பாக்கக் கெளம்பியிருக்கீய, நல்ல நேரம்தான்! கொக்குக்கே தின்னு முடிச்சுத் தூக்கம் வந்திருக்கும். சட்டை வேற பளீர்னு மஞ்சள். அதுவும் வசதி, தூரத்துலேர்ந்தே அதுங்க ஒங்களப் பாத்துக்கலாம்.

கோடியக்கரைக்கு மார்கழியில வந்தீயளே, அதுமட்டும் சரி. 1967ல இந்தக் காட்டச் சரணாலயமாக்குனது வெளிமானுக்காக. காமிராக்காரவுங்க கூட்டம் என்னமோ பூநாரைக்குத்தான். அதையாவது ஒழுங்காப் பாக்குறீயளா? படத்த எடுத்து, நோட்டுல ஒரு நம்பரப் போட்டு, அடுத்ததுக்கு ஓடுறீய. செத்த ஒக்காந்து பாருங்க. தலையத் தலகீழாக் கவுத்து, அலகத் தண்ணியில விட்டு, கால மாத்தி மாத்தி மிதிக்கும். சேறு கலங்குனதும் நாக்கால தண்ணிய இழுத்து, அலகோரச் சல்லடையில வடிச்சுத் தள்ளும். பொடி எறாலும் பாசியும் உள்ள தங்கிரும். அந்த ரோசாக் கலரே அந்தத் தீனி குடுத்ததுதான், குஞ்சுல வெறும் சாம்பல் நெறம். நாமளும்தான் வருசம்பூரா எறா திங்கிறோம், ஒருத்தனாவது செவந்தானா?

உப்பளப் பாத்தியோரம் பழுப்பா குடுகுடுன்னு ஓடுனத "சும்மா உள்ளான்"னு தாண்டிப் போனீயளே, அது கொசு உள்ளான். எடை முப்பது கிராம் தேறுறதே பெரிசு. சைபீரியாப் பக்கம் முட்டை பொரிச்சுட்டு இங்க வருது. காலுல வளையம் மாட்டி இதுங்க போக்குவரத்தத் தெரிஞ்சுக்கத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரவுங்க இங்கயே கெடையாக் கெடந்தாங்க. அவுங்க பொறுமை ஒரு பக்கம்னா, 1930ல ராஜாஜியோட வந்தவுங்க உப்பு அள்ள திருச்சியிலேர்ந்து இந்தா பக்கத்துல இருக்க வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தாங்க. ஒங்களுக்குக் கார் கதவத் தொறக்கவே கை வலிக்குது!

நாளைக்கு விடியுமுன்ன வாங்க. சூரியன் முதுகுல படுறாப்புல ஒக்காருங்க. படம் நல்லா வரணும்னு கையத் தட்டிக் கூட்டத்தக் கெளப்பிவிடாதீய, அது பூனைப்பருந்து வேல. அதுக்கு அதுல வயிறாவது நெறையும். தூரதேசத்துலேர்ந்து வந்ததுங்க, திரும்பிப் போறதுக்குள்ள தின்னு கொழுப்பேத்தியாகணும்.

அப்புறம் அந்தப் புளிசாதப் பொட்டலத்தப் பைக்குள்ள வச்சுக்கங்க. மரத்துமேல இருக்க குரங்கு ரொம்ப நேரமா ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கு. அது ஒங்கள மாதிரி இல்ல தம்பி, பொறுமைசாலி.