கடைசியாகக் கை வைத்தவர்

எங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். இன்னொன்று போர்டிகோவில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இருவருமே காலையில் ஒரே முயற்சியில் கிளம்ப மாட்டோம். ஆனால் உடம்புக்கு வந்தால் தெருவே கூடி விசாரிப்பது அதை மட்டும்தான்.

மிக்கேலொட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-ல் நம் வண்டலூர்ப் பக்கம் வந்து ஸ்டாண்டர்டு என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட வண்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மாவின் கூடைக்கும் மாட்டின் வாலுக்கும் நடுவே திரும்ப இதைவிட்டால் சைக்கிள்தான்.

போன வருடம் அதற்கு சஷ்டியப்தபூர்த்தி செய்தேன். பெயின்ட் அடித்தாயிற்று. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக என் கையாலேயே முடுக்கினேன். பாண்டி பஜாரில், கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் மெரூன் கார்பெட் வாங்கி விரித்தேன். மாலை மட்டும்தான் போடவில்லை.

மறுவாரமே வியாதி ஆரம்பித்தது. இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட் கண் சிமிட்டியது. ஹெட்லைட்டைப் போட்டால் டேஷ்போர்டில் இண்டிகேட்டர் விளக்கு லேசாக எரிந்தது. லஸ் முனையில் எதிரே வந்த பெண்மணி என்னை முறைத்துவிட்டுப் போனார். சிமிட்டியது வண்டிதான் என்று ஓடிப்போய் விளக்கவா முடியும்?

அதோடு கியரும் மக்கர். அடையாறு திரு.வி.க. பாலத்துக்கு முன் சிக்னலில் முதல் கியரைப் போட்டால், காபிக்கொட்டை மெஷினுக்குள் கரண்டி விழுந்த சத்தம். ஹெரால்டின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, உருளும்போது போட்டால் கொஞ்சம் கடிக்கும். இதுவோ நின்ற இடத்திலேயே கடித்தது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "பெருசு, அதுக்கு வலிக்குது பாரு" என்றார்.

வைத்தியம் பார்க்கப் போனேன். எலக்ட்ரீஷியன், "மொத்த ஒயரிங்கும் உருவிடணும்" என்றார். கியர்க்காரர், "பாக்ஸ் இறக்கணும்" என்றார். ஹெரால்டில் கியர்பாக்ஸ் கீழ்வழியாக இறங்காது. முன் சீட்டைத் தூக்கி, நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றி, வீட்டுக்குள்ளிருந்து பீரோவைத் தூக்குவதுபோல உள்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். கேட்டதுமே எனக்கு இடுப்பு வலித்தது.

நானே பார்த்துவிடுவது என்று ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த வண்டி ஒயருக்கு ஓர் அழகான இலக்கணம் உண்டு: பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட், வெள்ளை என்றால் சாவி திருப்பினால், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். படித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். முதலை வாய் போல முன்னோக்கித் திறந்தது. உள்ளே அத்தனை ஒயரும் பச்சை! முன்னாள் சொந்தக்காரர் ஒருவருக்கு பச்சை ஒயர் மலிவாகக் கிடைத்திருக்கிறது. பல்ப் ஹோல்டர் வரை கரண்ட் வருகிறது என்று மீட்டர் சத்தியம் செய்தது. பல்ப் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மந்தைவெளி சந்து ஒன்றில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"கடைசியா யாரு சார் கை வெச்சது?"

"நான்தான் பாய்."

"அப்பிடிச் சொல்லுங்க."

ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை பாட்டரியின் எர்த்தில் மாட்டி, மறுமுனையால் ஹெட்லைட் கிண்ணத்தைத் தொட்டார். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தது. போன கரண்ட் திரும்பி வர இரும்பு வழி வேண்டும். நான் எர்த் ஸ்க்ரூவைப் புதுப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கி, அந்த வழியை அடைத்துவிட்டேன். வீட்டுக்குப் போக வழியில்லாத கரண்ட், இண்டிகேட்டர் பல்ப் வழியாக அடுத்த வீட்டுச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறது. உப்புத்தாளால் எட்டணா அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டினார். அது என் நெஞ்சில் கேட்டது.

"அப்ப கியர்பாக்ஸ்?"

எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போடச் சொன்னார். வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல நான்கும் விழுந்தன. "பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு சார். ஓடும்போது விழலைன்னா கிளட்ச் கட் ஆகலைன்னு அர்த்தம்." குனிந்தார். ஆயில் கசிவு இருக்கிறதா என்று பெடலுக்குக் கீழே கை விட்டவர், என் மெரூன் கார்பெட்டை மடித்தார். அதன் கீழே பழைய ரப்பர் மேட். அதற்கும் கீழே அப்பா காலத்துச் சாக்கு. பெடல் தரை வரை போகாமல் மெத்தையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அது முழுசாக இறங்கினால்தான் கிளட்ச் பிளேட் எஞ்சினை விட்டு விலகும். கார்பெட்டை உருவினார். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"எவ்வளவு பாய்?"

"இதுக்கு என்னா சார் காசு? அந்தக் கார்பெட்ட வெச்சிட்டுப் போங்க."

போன வாரம் காற்று பார்க்க ஷெட்டுக்குப் போனேன். வாசலில் கிரீஸ் படிந்து கிடந்தது, என் பாண்டி பஜார் மெரூன். உள்ளேயிருந்து பாய் குரல் கொடுத்தார்:

"கால தொடச்சிட்டு வாங்க சார். வண்டில மட்டும் கை வெக்காதீங்க."