எல்லை தாண்டும் ஜீப்

கேள்வி: ஐரோப்பாவின் மிக வசதியான நாடுகளில் லக்சம்பர்க்கும் ஒன்றாமே? தனிநபர் வருமானக் கணக்கு பொய் சொல்லுமா?

பதில்: பொய் சொல்லாது, பாதியைச் சொல்லும். லக்சம்பர்க்கில் வேலை பார்ப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். அவர்கள் உழைப்பு அந்நாட்டு உற்பத்தியில் சேரும். வகுக்கும்போது தலைக்கணக்கில் அவர்கள் இல்லை. இதைப் புரிந்துகொள்ள நம் தேனி மாவட்டத்துக் கம்பமே போதும். விடியுமுன் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாக மாநில எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பறித்த காய் இடுக்கிக் கணக்கில். பொழுது சாய்ந்து திரும்பும் உடம்புவலி தேனிக் கணக்கில். 'கூலி வீட்டுக்குத்தானே வருகிறது?' என்பீர்கள். வருகிறது, அங்கே கூலி கூடுதல் என்பதால்தானே போகிறார்கள்! ஆனால் மலைப்பாதையில் கழியும் நேரம் எந்த வருமானப் பட்டியலிலும் இல்லை. வாழ்க்கைத் தரத்தை அளக்கிறவர்கள் அதையும் அளக்கட்டும்.