சுருதிப் பெரியப்பா

பிளாஸ்டிக் உறை போட்டு இரண்டு ரப்பர் வளையம் சுற்றிய ரிமோட் சுருதிப் பெரியப்பாவின் மடியில் இருக்கும் வரையில், அந்தக் கூடத்தில் எந்தப் பாட்டும் பல்லவியைத் தாண்டிச் சரணத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. சனி, ஞாயிறு மாலைகளில் தெருவிலுள்ள ஏழெட்டு வீடுகளிலிருந்து ஒரே பாட்டு ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருக்க, அவர் வீட்டில் மட்டும் பாட்டு சட்டென்று நின்று, ஒரு முதிய ஆண்குரல் தனியே மேலெழுந்து, "போச்சு! பல்லவியிலேயே போச்சு!" என்று பிரகடனம் செய்யுமானால், சூப்பர் சிங்கர் மேடையில் ஏதோ ஒரு பெண்ணோ பையனோ பாடத் தொடங்கி அரை நிமிஷம் ஆகியிருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்காமலே நிச்சயித்துக்கொள்ளலாம்.

பெரியப்பா என்று நான் சொன்னேனே தவிர, உங்களுக்கு அவர் மாமாவாகவோ, சித்தப்பாவாகவோ, மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரராகவோ வாய்த்திருக்கக் கூடும். 1990-களில் சன் தொலைக்காட்சியில் ஏ.வி. ரமணன் ‘சப்தஸ்வரங்கள்’ நடத்திய காலத்திலேயே இவர் அவதரித்துவிட்டாரென்றாலும், அன்றைய பெட்டியின் ஒலியை அடக்க வேண்டுமானால் எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டியிருந்தபடியாலும், எழுந்திருப்பதென்பது பெரியப்பாவின் சுபாவத்துக்கு விரோதமானபடியாலும், பாட்டுகள் ஒருவாறு உயிர் பிழைத்துவந்தன. 2006-ல் விஜய் தொலைக்காட்சி சூப்பர் சிங்கரைத் தொடங்குவதற்கும், அவர் கைக்கு ரிமோட் வந்து சேர்வதற்கும் காலம் சரியாகப் பொருந்திவிட்டது. அன்று பிடித்த கஷ்டம் இன்னும் விட்டபாடில்லை.

ரிமோட்டில் ஒலியை அறவே அடக்குவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. நகைக்கடை, துணிக்கடை, பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகியவற்றின் ஆரவாரத்திலிருந்து குடும்பஸ்தர்களைக் காப்பாற்றும் தர்மசிந்தனையோடு யாரோ ஒரு மகானுபாவர் அதைச் சிருஷ்டித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெரியப்பாவோ அந்தப் பொத்தானால் விளம்பரங்களைத் தீண்டியதே இல்லை. விளம்பரத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாதாகையால், அது முழு ஒலியில் முழங்கிக்கொண்டிருக்க, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு பரம சாந்தமாக வீற்றிருப்பார். அவர் பொத்தானை அமுக்குவதெல்லாம் பாட்டின்மீதுதான். இதன் பலனாக, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நகைக்கடைகளின் செய்கூலி, சேதார விவரங்கள் யாவும் தலைகீழ்ப் பாடம். சினிமாப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் என்று ஒன்று உண்டென்பது மட்டும் தெரியாது.

காரியம் நடக்கும் விதம் இது. வாத்தியக்காரர்கள் முகப்பிசையை வாசிக்கும்போது பெரியப்பா கண்ணை மூடி, தலையைச் சற்றே இடப்புறம் சாய்த்து, ‘பார்க்கலாம், இந்தப் பிள்ளைக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம்’ என்ற பாவனையில் மிகுந்த தாட்சண்யத்தோடு அமர்ந்திருப்பார். பல்லவியின் முதலடி அவருடைய அநுமதியின்பேரில் நடந்தேறும். பாட்டு மேல் ஸ்தாயியை நோக்கி ஒரு படி ஏறியதும் புருவம் சுருங்கும். நெற்றியிலுள்ள விபூதிக் கோடுகள் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கட்டைவிரல் பிளாஸ்டிக் உறையின் மேலாகத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுந்தும். அவ்வளவுதான். திரையிலுள்ள பெண் தொட்டி மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க, கூடத்தில் பெரியப்பாவின் குரல் மட்டும் கேட்கும்.

"கேட்டீங்களா? மேல் ஷட்ஜத்துல நிக்கலை. ஒரு மயிரிழை இறங்கிடுச்சு. அந்த இடம் எப்படி வரணும் தெரியுமா?"

எப்படி வர வேண்டும் என்பதை அவரே பாடிக் காட்டுவார். நெடுங்காலம் மூக்குப்பொடியின் உபசாரத்தில் வளர்ந்த அந்தக் குரல், குறித்த ஷட்ஜத்தை அடைவதற்குப் பதிலாக அதன் அண்டை அயலிலுள்ள ஸ்வரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் குசலம் விசாரித்துவிட்டு, மூச்சு முட்டி, இருமலில் சமாப்தியடையும். இருமல் அடங்கியதும், தாம் அரைக்கால் சட்டை போட்டிருந்த நாளில் மயிலாப்பூர்க் கோயில் உற்சவத்தில் நின்றுகொண்டே கேட்ட மதுரை மணி ஐயர் கச்சேரியைப் பற்றிய பிரஸ்தாபம் தொடங்கும். யாரோடு போனார், எந்தத் தூணோரம் நின்றார், திரும்பி வரும்போது எந்தக் கடையில் காப்பி குடித்தார் என்பதெல்லாம் கிரமமாக வந்து, மணி ஐயர் ஸ்வரம் பாடத் தொடங்கும் தறுவாயில் அவருக்கு ரிமோட்டின் ஞாபகம் வரும். பொத்தானை மறுபடி அமுக்குவார். அதற்குள் பாட்டு முடிந்து, சபையோர் எழுந்து நின்று கரகோஷம் செய்ய, மேலேயிருந்து வர்ணக் காகிதம் பொழிய, நடுவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"இதுக்கா எழுந்து நிக்கிறாங்க?" என்பார் பெரியப்பா, உண்மையான வருத்தத்தோடு. அந்தப் பெண் எப்படிப் பாடினாள் என்பது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நடுவர்கள் பேசத் தொடங்கியதும் கூடத்தில் நிசப்தம் நிலவ வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. திரைக்குப் பாட வந்தவுடனேயே 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்ற உன்னிகிருஷ்ணனும், ஆறு முறை அவ்விருதைப் பெற்ற சித்ராவும் அமர்ந்த ஆசனங்கள் அவை. இவர்களைப் போன்ற ஒருவர், போகிற போக்கில், அந்த ஓரிடத்தில் சுருதியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் போதும். பெரியப்பா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியே பார்த்து, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தலையசைத்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த காரியம். மாறாக, நடுவர்கள் ஒருமுகமாகப் பாராட்டிவிட்டார்களோ, "சானல்காரன் சொல்லிக்கொடுத்திருப்பான்" என்ற ஒரே வாக்கியத்தால் அவர்களுடைய வித்வத்து, விருது, அநுபவம் அனைத்தையும் தள்ளுபடி செய்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார். அந்தச் சாய்வு நாற்காலிக்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்தச் சுருதி நிர்ணயம் எவ்வாறு செய்யப்படுகிறது என்ற ரகசியம் வெகுநாள் வரை எங்களுக்கு விளங்காமலிருந்தது. நாற்காலிக்கு அடியில், பிள்ளை பெங்களூரிலிருந்து வாங்கிவந்த எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று, நிகழ்ச்சி தொடங்கியது முதல் முடிகிற வரையில் மெல்லிய ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். காது பண்பட்டிருக்க வேண்டும் என்பது அதற்கு அவர் கூறும் காரணம். பெட்டி இருப்பது இரண்டு கட்டையில்; இளமையில் அவர் பாடுவதாக உத்தேசித்திருந்த சுருதி அது. பாட வருகிற பெண்களோ பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைக்காரர்கள். இவர்களில் ஐந்தரைக் கட்டைப் பெண் ஒருத்தி தன் ஷட்ஜத்தில் பரிசுத்தமாக நின்றாளானால், அது பெரியப்பாவின் பெட்டிக்குப் பிரதி மத்தியமமாகப் போய் விழும். ஷட்ஜமும் பிரதி மத்தியமமும் சேர்ந்தாற்போல் நீடித்து ஒலித்தால் எவருடைய காதும் கூசத்தான் செய்யும். ஆக, அவள் எவ்வளவுக்கெவ்வளவு சுத்தமாகப் பாடுகிறாளோ அவ்வளவுக்கவ்வளவு நிச்சயமாக அவளுக்குத் தண்டனை காத்திருக்கிறது. இடையிடையே பிசகிப் பாடுகிற பையன் ஒருவன், பூர்வ புண்ணியத்தால் பெட்டியோடு ஒத்துப்போய், "பரவாயில்லை, ஞானம் இருக்கு" என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனதும் உண்டு.

பாட்டு வகுப்புக்குப் போய்வரும் பேத்திதான் இதைக் கண்டுபிடித்தாள். பயந்துகொண்டே, "தாத்தா, அந்த அக்கா அஞ்சரைக் கட்டைல பாடறாங்க. பெட்டி ரெண்டுல இருக்கு" என்றாள்.

"சுருதி மாதான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கடி. ஆளுக்கு ஒரு மாதாவா?" என்றார் தாத்தா.

ஆளுக்கு ஒரு மாதாதான் என்பது லோகத்தில் சகலரும் அறிந்த சமாசாரமேயாயினும், பெரியவர்களை எதிர்த்துப் பேசி வளர்ந்த குழந்தையல்ல அது, வாயை மூடிக்கொண்டது.

இதர குணாதிசயங்களை விஸ்தரிக்க அவசியமில்லை. முன்கூட்டியே பதிவான நிகழ்ச்சி என்று தெரிந்தும், "மூச்சு எடு, மூச்சு எடு" என்று திரையைப் பார்த்து எச்சரிப்பார். இறுதிச் சுற்றில் பொதுஜனங்கள் வாக்களிக்கலாம் என்று அறிவித்தால், தம்முடைய தீர்ப்பை ஊரார் வாக்குகளோடு கலப்பது தகாதென்று இதுவரை ஒரு வாக்கும் போட்டதில்லை. நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018-ல் பட்டம் வென்ற பருவத்தில் மட்டும் அவர் பெரும் தர்மசங்கடத்துக்கு உள்ளானார். வயலும் வரப்பும் வருகிற பாட்டில் எந்த ராகத்தின் பெயரைச் சொல்லிக் குற்றம் கண்டுபிடிப்பது என்று புரியாமல், பொத்தான்மீது வைத்த விரலை எடுக்கவும் மாட்டாமல் அமுக்கவும் மாட்டாமல் தவித்தார். அந்த ஒரு பருவத்தில்தான் நாங்கள் சில பாட்டுகளை முழுக்கக் கேட்டோம்.

சுப்புடுவின் விமரிசனங்களைக் கத்தரித்து ஒட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்று அவரிடம் இருக்கிறது. தம்மை அந்தப் பரம்பரையின் வாரிசாகவே அவர் கருதுகிறார். சுப்புடுவின் பேனாவுக்கு அஞ்சாத வித்வான்கள் சொற்பம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அவர் கச்சேரியைக் கேட்டுவிட்டு எழுதினார். விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய கல்கியும் அப்படியே. அவ்வளவு தூரம் போவானேன்? கர்வமே உருவாகப் பாண்டியன் சபையில் வந்து நின்ற ஏமநாத பாகவதர், 1965-ல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் டி.எஸ். பாலையாவின் ரூபத்தில் நாமெல்லாரும் தரிசித்தவர், அவர்கூடத் திண்ணையில் கிடந்த விறகுக்காரனின் பாட்டைக் கேட்டு முடித்த பிறகுதான் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடினார். அவர் கையில் ஒரு ரிமோட் இருந்திருக்குமானால் சொக்கநாதர் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பெரியப்பாவுக்குச் சங்கீதத்தில் பிரியமில்லை என்று யாராவது முடிவுகட்டினால் அது அபாண்டம். எந்தப் பாட்டு எந்தப் படம், இசை யார், சாகித்தியம் யாருடையது என்று நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வார். சென்ற கோடையில் ஒரு ஞாயிறு மாலை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, டி.வி., சுருதிப் பெட்டி, ரிமோட் ஆகிய மூன்றும் ஏககாலத்தில் உபயோகமற்றுப் போயின. பெரியம்மா, தான் பாவாடை கட்டிய வயதில் இலங்கை வானொலியில் கேட்ட ஒரு சுசீலா பாட்டின் பெயரைச் சொல்லி, "அதையாவது பாடுங்களேன்" என்றாள். பெரியப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். இரண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்து நின்றபோது பெரியம்மா அடியெடுத்துக் கொடுத்தாள். சுருதி தெருக்கோடி வரையில் போய்வந்தது. ஆனாலும் கடைசி அடிவரை பாடி முடித்தார். எதிர்வீட்டு இருட்டிலிருந்து யாரோ சபாஷ் போட்டார்கள். ‘போச்சு’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சொந்தத் திண்ணையில், சொந்த மனுஷர்கள் நடுவில் தமக்குக் கிடைத்த அந்தச் சலுகையை, ஒன்பது வயதுக் குழந்தை கண்ணைக் கூசும் விளக்குகளுக்கு மத்தியில் தனியே நின்று, தாயும் தகப்பனும் கீழே கைகூப்பி உட்கார்ந்திருக்கப் பாடுகிறதே, அதற்கு அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்ற இளைஞர் ஒரு போட்டி மேடையில் பாடியதை நடுவராக இருந்து கேட்ட எஸ்.பி. கோதண்டபாணிதான் அவரை 1966-ல் தெலுங்குத் திரைக்கு அறிமுகம் செய்தார். முறையாகக் கர்நாடக சங்கீதம் பயிலாத அந்த மனிதர் பிற்பாடு ‘சங்கராபரணம்’ படத்தில் ஒரு சங்கீத வித்வானுக்காகப் பாடித் தேசிய விருது வாங்கினார். கோதண்டபாணியின் நாற்காலியில் அன்றைக்குப் பெரியப்பா உட்கார்ந்திருந்தால், மயிரிழை இறங்கிற்று என்று சொல்லி, அந்த இளைஞரை நெல்லூருக்கு ரயிலேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார்.

பேத்தியின் சங்கதி இதைவிட மோசம். நல்ல குரல் அவளுக்கு. தாத்தா பென்ஷன் விஷயமாகப் பாங்கிக்கோ, சாமான் வாங்க ரேஷன் கடைக்கோ புறப்பட்டுப் போன பிறகுதான் அவள் பாட்டு நோட்டைத் திறக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் ஜண்டை வரிசை பாதியில் அறுந்துவிடும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடச் சொல்லி டீச்சர் கேட்டதற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டால், "தாத்தா வருவாங்க" என்கிறாள்.

பெரியப்பா, உங்களுக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை; ஆகையால் விண்ணப்பமாகவே தெரிவித்துக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை ரிமோட்டை அந்தக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். சுருதிப் பெட்டியையும் அவளிடமே கொடுத்துவிட்டால் சாதகத்துக்கு ஆகும். கட்டையை மாற்ற அவளுக்குத் தெரியும். விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தங்களிடமே திருப்பித் தரச் சொல்கிறேன். அப்பொழுது அந்தப் பொத்தானை எத்தனை தரம் வேண்டுமானாலும் அமுக்குங்கள். ஆக்ஷேபிக்க ஒருவரும் வர மாட்டார்கள்.